பன்னிரண்டாவது மாதம்

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள், இப்போதே சொல்லிவிட்டேன். ஒருவர் குரலை இன்னொருவர் பேசி ஒரு முழு ஆளை முட்டாளாக்கிய கதை இது. ஏமாந்த ஆளுக்கு விஷயம் விளங்கிய அந்த நொடியில் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனால் அதை இப்போது சொல்ல மாட்டேன். மிக்சர் பாக்கெட்டைப் பிரித்ததும் முந்திரியைப் பொறுக்கித் தின்கிற ஜாதி நான் இல்லை, எனக்கு முந்திரி கடைசியில்தான். அதுவரைக்கும் காராபூந்தியைக் கொறித்துக்கொண்டிருங்கள்.

என் பெயர் எழிலரசி. எங்கள் காம்பவுண்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஸ்பீக்கர் என்றால் தெரியும். பதினாறு வயதுக்குள் நான் பேசாத குரல் கிடையாது. டெம்போ பின்பக்கமாக வரும்போது போடுகிற டொய்ங் டொய்ங், கணக்கு டீச்சர் தும்மிவிட்டுச் சொல்கிற 'சாரி ஸ்டூடன்ட்ஸ்', தண்ணி லாரிக்காரர் குடத்தை நகர்த்தச் சொல்லிக் கத்துகிற கத்தல், எல்லாம் என் தொண்டைக்குள் இருக்கின்றன. பக்கத்து வீட்டு ஹமீதா அக்கா குக்கர் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும்போது, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மூன்று விசில் அடிப்பேன். அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிடும். பிறகு வேகாத அரிசியைக் கடித்துவிட்டு, "ஏய் ஸ்பீக்கரு, உன் வாய்ல கொள்ளியை வைக்க!" என்று அது கத்துவதையும் அதே குரலில் திருப்பிச் சொல்வேன். இவ்வளவு பேருடைய குரல் என்னிடம் இருந்தாலும் என் சிரிப்பு மட்டும் யாரிடமும் கிடையாது. விக்கல் மாதிரி இரண்டு தடவை இழுத்து, நடுவில் கீச்சென்று ஏறி, கடைசியில் பன்றி உறுமுகிற மாதிரி ஒரு சத்தத்தில் முடிகிற சிரிப்பு அது. எத்தனையோ பேர் பேசிக்காட்டப் பார்த்துத் தோற்றுப்போனார்கள்.

சரி, முதலில் பால். பாலைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் ஓனர் தெய்வசிகாமணி முப்பத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவர், எந்த ஊர் பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவர். வந்த பணத்தில் செந்தாமரை நகர் இரண்டாவது விரிவில் ஒரு மனை வாங்கி இரண்டு போர்ஷன் கட்டினார். இரண்டாவது விரிவு அதற்கு முன்னால் முதல் விரிவுக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காடு, முள்ளுக்காட்டுக்கு முன்னால் ஏரி. அந்தப் பக்கம் கார் கம்பெனியும் இந்தப் பக்கம் போன் கம்பெனியும் வந்து, வேலைக்கு வந்தவர்கள் வேலை கிடைத்த அன்றே வீடு தேட ஆரம்பித்து, வேலை போன பிறகும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு டு-லெட் போர்டு மாட்டினால் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே மூன்று குடும்பம் நிற்கும்.

முதல் போர்ஷனுக்கு கோபி, சிவகாமி என்ற புது ஜோடி வந்தது. தை மாதம், நல்ல நாள், காலை ஆறரை. புது வீட்டில் எல்லோரும் செய்வதைப் போல சிவகாமி அடுப்பில் பாலை வைத்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. வழிந்த பால் அடுப்பு மேடையில் ஓடிச் சுவரோரம் காய்ந்தது. பதினோரு மணிக்கு அந்த இடத்தில் சுவர் கொசு கடித்த மாதிரி வீங்கியது, பன்னிரண்டுக்கு வீக்கம் வெளிப்பக்கமாகத் தள்ளிச் செங்கல் தெரிந்தது, ஒரு மணிக்குப் பூச்சு காய்ந்தது, இரண்டு மணிக்கு அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் ஒரு ஸ்விட்ச் போர்டும் பூனைகூட நுழைய முடியாத ஒரு ஜன்னலும் வந்துவிட்டன.

"ஏங்க, நம்ம வீட்டை ஒட்டி ஒரு வீடு முளைச்சிருக்குங்க" என்றாள் சிவகாமி.

கோபி எட்டிப் பார்த்தான். "வாடகை எவ்ளோவாம்?" என்றான்.

அவ்வளவுதான் அவர்கள் ஆச்சரியப்பட்டது. ஓனர் வந்தார், புதுச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார், ஈரத்தைத் துண்டால் துடைத்தார், "உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வீடு தேடுறாங்களாம்மா?" என்றார். சாயங்காலத்துக்குள் போர்டு தொங்கியது, மறுநாள் காலை அங்கே வந்தவர்கள் பால் காய்ச்சினார்கள், மதியம் அதன் முதுகில் இன்னொரு வீடு முளைத்தது.

மூன்றாவது வீடு முளைத்த மறுநாள் கோபி கதவைத் திறந்தபோது கதவு கட்டிலில் இடித்தது. முந்தின நாள் இடிக்கவில்லை. அளந்து பார்த்தான், அறை நாலு பக்கமும் ஒரு ஜாண் குறைந்திருந்தது. மற்ற வீடுகளிலும் அப்படியே. புது வீட்டுக்கான இடம் வானத்திலிருந்து வரவில்லை, இருக்கிற வீடுகள் ஆளுக்கு ஒரு ஜாண் கொடுத்திருந்தன. கோபி போய்ச் சொன்னான். "வீடு சுருங்கலை தம்பி, நீங்க சாமான் அதிகமா வச்சிருக்கீங்க" என்றார் ஓனர். கோபி கட்டிலை விற்றான்.

அதன்பிறகு நகர் வளர்ந்த வேகத்தை என்னவென்று சொல்வது! தெருவில் இருந்த மற்ற ஓனர்களும் பாலுக்கு மாறினார்கள். கொத்தனார்கள் வேலையில்லாமல் அங்கேயே வாடகைக்கு வந்து பால் காய்ச்சினார்கள். ஊராட்சி ஆபீசிலிருந்து ஒருவர் டேப் எடுத்து வந்து அளந்தார், டீ குடித்தார், "கட்டினாத்தான் அனுமதி வாங்கணும், வளர்ந்தா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த வாரம் தன் மச்சானுக்கு ஒரு வீடு கேட்டு வந்தார். கரண்ட் ஆபீஸ்காரர் வந்து ஒரு மீட்டருக்குப் பின்னால் இன்னொரு மீட்டரை மாட்டினார். ஏழாம் நம்பர் வீடு ஏழு ஏ ஆகி, ஏழு பி ஆகி, இசட் வரைக்கும் போய், எழுத்து தீர்ந்துபோய், ஏழு ஏ பை ஒன்று என்று மறுபடியும் தொடங்கியது. போஸ்ட்மேன் எல்லாத் தபாலையும் முனை டீக்கடையில் போட்டுவிட்டுப் போகப் பழகினார். பசும்பாலில் முளைத்தால் ஓதம் ஏறாது, பாக்கெட் பாலில் முளைத்தால் பூச்சு உதிரும் என்று ஓனர்களுக்குள் இரண்டு கட்சி வந்தது. நீல பாக்கெட்டுக்குக் குளியலறை சேர்ந்து வரும் என்று ஒருவர் கிளப்பிவிட, ஒரு மாதம் எங்கள் ஏரியாவில் நீல பாக்கெட்டே கிடைக்கவில்லை. யாருக்கு வீடு கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று முன்பெல்லாம் பெயரைக் கேட்டும், சமையலைக் கேட்டும், நெற்றியைப் பார்த்தும் முடிவு செய்தவர்கள், இப்போது யாராயிருந்தாலும் வாருங்கள் என்றார்கள். ஃபாதர் வந்து ஜெபம் செய்தாலும் சரி, ஹஜ்ரத் வந்து ஓதினாலும் சரி, கடைசியில் பால் பொங்கினால் போதும். அவ்வளவு பெரிய மனசு அவ்வளவு சின்ன வீட்டில் இருந்தது.

குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழகினார்கள். பீரோவை ஊருக்கு அனுப்பினார்கள். ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டு அன்றன்றைக்குச் சமைத்தார்கள். ஒருவர் திரும்பும்போது மற்றவர்கள் திரும்பக் கூடாது என்று வீட்டுக்குள் ஒரு சட்டம் வந்தது. உள்பக்கமாகத் திறந்த கதவுகளை எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றினார்கள். விருந்தாளி வந்தால் வாசலில் உட்காரவைத்து, காபியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண் எவ்வளவு உயரம் என்று கேட்டு, உயரம் என்றால் வேண்டாம் என்று போனார்கள்.

ஒரே ஒரு சிக்கல். ஒரு குடித்தனத்துக்குப் பால் ஒரு தடவைதான் பலிக்கும். கோபியைத் தீபாவளிக்கு மறுபடி காய்ச்சச் சொல்லிப் பார்த்தார் ஓனர், அடுப்பு நாசமானதுதான் மிச்சம். புது வீடு வேண்டுமென்றால் புது ஆள் வேண்டும், புது ஆள் வேண்டுமென்றால் பழைய ஆள் போக வேண்டும். அதற்குத்தான் பதினோரு மாத அக்ரிமென்ட். பதினோராவது மாதம் முடிகிறபோது ஓனர் வந்து கதவுக்கு வெளியே நின்று, மைக்கில் பேசுகிற அதே நிதானத்தோடு சொல்வார்: "தப்பா எடுத்துக்காதீங்க. பையன் கனடாவுலேர்ந்து வர்றான். வீடு தேவைப்படுது."

ஓனருக்குக் குழந்தையே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. காலி செய்வதற்கே எங்கள் காம்பவுண்டில் 'மகன் வர்றான்' என்றுதான் பெயர். "இந்த மாசம் யாருக்குடி மகன் வர்றான்?" என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். சாமான் ஏற்றுகிற டெம்போவைப் பார்த்ததும் பிள்ளைகள், "மகன் வந்துட்டான், மகன் வந்துட்டான்" என்று கைதட்டும். அப்படிச் சொல்லும்போது ஓனரும் கதவைத் தட்ட மாட்டார், உள்ளே இருப்பவர்களும் திறக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் யாரோ ஒரு அம்மா கதவைத் திறந்து அழுதுவிட, ஓனருக்கு அன்றைக்குப் பிரஷர் ஏறிவிட்டதாம். அதிலிருந்து மூடிய கதவுக்கு வெளியே இருந்து அவர் சொல்ல, உள்ளே இருந்து "சரிங்க" என்று ஒரு குரல் வர, பிறகு பாத்திரம் கட்டுகிற சத்தம் கேட்கும். முகம் பார்க்காமல் முடித்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

இந்த மரியாதையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பொறுங்கள், அதற்கு முன்னால் என் அம்மா.

அம்மா பெயர் ரஞ்சிதம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை, காலர் மட்டும்தான், முழுச் சட்டை தைத்ததே இல்லை. அப்பா எங்கே என்று கேட்டால் 'வெளியூர்' என்று ஒரே வார்த்தை, எந்த வெளியூர் என்று நானும் கேட்பதில்லை. ஆனால் ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு யார் வாடகைக்குக் கொடுப்பார்கள்? புரோக்கர் அந்தோணி, "சார் இல்லீங்களா?" என்று கேட்டதும் நான் உள்ளே போய்க் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கனைப்புக் கனைத்து, "குளிக்கிறேன் அந்தோணி, நீங்க ரஞ்சிதத்துகிட்டயே பேசிடுங்க" என்று கட்டைக் குரலில் சொல்வேன். அதுவரைக்கும் பதிமூன்று வீடு, எனக்குக் குரல் பழகியதிலிருந்து ஒவ்வொன்றையும் அப்படித்தான் பிடித்தோம். அந்தோணி கடைசி வரைக்கும், "சார் ரொம்ப சுத்தமானவருங்க, எப்பப் போனாலும் குளிச்சுக்கிட்டே இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதிமூன்று தடவையும் தை மாதம்தான் பால் காய்ச்சினோம். தையில் தொடங்கி எண்ணுங்கள், பதினோராவது மாதம் கார்த்திகையோடு முடிகிறது. மார்கழியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள். பதிமூன்று வருஷமாக மார்கழி எங்களுக்கு வீடில்லாத மாதம். கம்பெனியில் அட்டைப் பெட்டி அடுக்குகிற ஷெட்டில் சூப்பர்வைசரைக் கெஞ்சி ஒரு மூலையில் இருப்போம், தை பிறந்ததும் மறுபடி அந்தோணி, மறுபடி கனைப்பு. அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். ஒரு மார்கழியாவது சொந்தமாக ஒரு வாடகை வீட்டின் வாசலில் கோலம் போட வேண்டும். சொந்த வீடு எல்லாம் அதன் நினைப்பில் கிடையாது. பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று உண்டாமே, அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினாலாவதாக தெய்வசிகாமணி காம்பவுண்டுக்கு வந்தோம், பால் காய்ச்சினோம், எங்கள் முதுகில் ஹமீதா அக்கா வீடு முளைத்தது. அப்போதெல்லாம் எங்கள் அறையில் அம்மாவும் நானும் கால் நீட்டிப் படுக்க முடிந்தது.

மாசி மாதம் ஒரு நாள் எதிர்வீட்டு பேபி ஆன்ட்டி என்னைப் பற்றி ஓனரிடம் கோள் சொன்னது. நான் அதன் புருஷன் குரலில் அதைக் 'கருவாயி' என்று கூப்பிட்டேனாம். கூப்பிட்டது உண்மைதான், அதற்காகக் கோள் சொல்வதா? மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதன் கதவுக்கு வெளியே நின்றேன், தொண்டையைச் சரிசெய்தேன், மைக் நிதானத்தை வரவழைத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பையன் கனடாவுலேர்ந்து வர்றான். வீடு தேவைப்படுது."

உள்ளே தோசைக் கரண்டிச் சத்தம் நின்றது. "அஞ்சு மாசம்தானே சார் ஆச்சு" என்று கேட்கப் போகிறது, கதவைத் திறக்கப் போகிறது, நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுக்கப் போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"சரிங்க" என்றது பேபி ஆன்ட்டி.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்த வீடு காலி. வாசலில் ஒரு உடைந்த பிளாஸ்டிக் முறம் மட்டும் கிடந்தது. எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு எங்கள் காம்பவுண்டு பழக்கம் தெரியவில்லை. அங்கே யாரும் கேட்காத கேள்வி அது. மறுநாள் புது ஆட்கள் பால் காய்ச்சினார்கள், மதியம் ஒரு வீடு முளைத்தது, எல்லோருக்கும் ஒரு ஜாண் போனது.

பயந்துகொண்டேதான் இருந்தேன். ஓனர் குழாயடியில் என்னை நிறுத்தினார். காதில் துண்டின் நுனியை விட்டுக் குடைந்துகொண்டே, "நான் மைக்குல உட்கார்றதுக்கு முன்னாடி, மொத ரெண்டு வருஷம் என்னைப் பேசவே விடலைம்மா. கேளுடா, சும்மா கேளுன்னு உட்கார வச்சிட்டாங்க. கேக்கறதுதான் கஷ்டம். பேசறது யாரு வேணா பேசலாம்" என்றார். பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டார். கிழத்துக்கு விஷயமே விளங்கவில்லை, தானே சொல்லிவிட்டு மறந்துபோய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்று வீட்டுக்குள் வந்து உருண்டு சிரித்தேன். உருள்வதற்கு அப்போது கொஞ்சம் இடம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஓனருக்கு என்ன வேண்டும்? புது வீடு. புது வீடு கிடைத்துக்கொண்டே இருந்தால் எங்களை எதற்குக் கிளப்புவார்? கார்த்திகை கடைசி நாள் வரைக்கும் தள்ளிவிட்டால் போதும், மறுநாள் மார்கழி, பிறகு எங்களைக் கிளப்பி அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, பன்னிரண்டாவது மாதம் எங்களுடையது. ஆக, மாதத்துக்கு ஒரு கதவு. பங்குனியில் லேத் பட்டறை வீரபாண்டி வீடு. சித்திரையில் இரண்டு நர்ஸ் அக்காக்கள். வைகாசியில் கால் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஒருவரும் அவர் மனைவியும், அவரை நாற்காலியோடு தூக்கி டெம்போவில் வைத்தார்கள். ஆனியிலும் ஒன்று. ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள், அதனால் எனக்கு லீவு. ஆவணியில் மறுபடி கடை திறந்தேன். ஐப்பசி முடியும்போது மொத்தம் எட்டு. ஒருவராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால் அன்றோடு என் வேலை முடிந்திருக்கும். எட்டுப் பேரும் "சரிங்க" என்றார்கள். எட்டு 'சரிங்க'வும் இப்போது என் தொண்டையில் இருக்கின்றன, வேண்டுமானால் தனித்தனியாகப் பேசிக்காட்டுகிறேன்.

எட்டு வீடு முளைத்தது, பதினோரு மாதம் முடிந்து தானாகப் போனவர்கள் கணக்கில் வேறே முளைத்தது. ஐப்பசியில் எங்கள் அறையில் அம்மா சுவரில் சாய்ந்து கால் மடக்கி உட்கார்ந்தால், அதன் முழங்காலுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் நான் பக்கவாட்டில் நுழைந்து பாடம் படிப்பேன். அம்மாவுக்கு அதெல்லாம் குறையே இல்லை. அதற்குக் காரணம் ஒரு ஆணி.

ஐப்பசி கடைசியில் ஓனர் வாசலில் வந்து நின்றார். அம்மா உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் கதவைத் தட்டினார். தட்டினார்! அம்மா திறந்தது.

"ரஞ்சிதம், காலண்டரை ஏன் தரையில சாத்தி வச்சிருக்கே?"

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்ல போட்டிருக்குங்களே சார்."

"அடிச்சுக்கோ. ஒரே ஒரு ஆணி. நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோ."

அவர் என்னைப் பார்த்தார். "பாப்பா நல்லாப் படிக்குது. ஸ்கூலை மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது" என்றார்.

அம்மா அந்த ஆணியை அடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மிக்கல் குழவியை எடுத்து, பிள்ளை தலையில் எண்ணெய் தட்டுகிற மாதிரித் தட்டித் தட்டி அடித்தது. பதினாலு வீட்டில் அது அடித்த முதல் ஆணி. தினசரிக் காலண்டர் தொங்கியது. அம்மா தினமும் ஒரு தாளைக் கிழித்து, மீதித் தாளின் கனத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும். முனைக்கடையில் கோலப்பொடி வாங்கிவந்தது, ஐந்து கலர், ஐந்து பொட்டலம். அவற்றை வைக்க இடமில்லாமல் கதவு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. கிழம் கடைசி நேரத்தில் மனம் மாறி வந்து, கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டால்? அம்மா பழக்கதோஷத்தில் "சரிங்க" என்று சொல்லிவிட்டால்? அதற்கும் வழி செய்தேன். கார்த்திகை பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுக் கதவையும் சொன்னேன்.

அம்மா முழங்காலை இன்னும் இழுத்து மடக்கிக்கொண்டது. "கால் கட்டுப் போட்டவரையுமாடி?" என்றது.

"நமக்காகத்தாம்மா."

அம்மா காலண்டரைப் பார்த்தது. அடிக்கும் என்று நினைத்தேன், கையை ஓங்குவதற்கு அங்கே இடமில்லை.

"நல்லாக் கேட்டுக்கோம்மா" என்றேன். "வெளியேர்ந்து ஓனர் குரல்ல யாராச்சும் மகன் வர்றான்னு சொன்னா அசையாதே. அது நானா இருக்கும், விளையாட்டா இருக்கும். யார் குரலா இருந்தாலும் நம்பாதே. என் குரல்ல, என் சொந்தக் குரல்ல நான் சொன்னா மட்டும்தான் கிளம்பணும். சரியா?"

"சரி" என்றது அம்மா. "உன் குரலுக்கு மட்டும்தான்."

எங்கள் சுவர் அப்போது எவ்வளவு மெல்லிசாகிவிட்டது என்றால், ஹமீதா அக்கா அந்தப் பக்கம் ஊசியில் நூல் கோக்கிறபோது ஒரு தடவை விடுகிற மூச்சுகூடக் கேட்கும். அந்தப் பக்கம் ஹமீதா அக்கா வீடு. இந்தப் பக்கச் சுவருக்கு வெளியே மொட்டை மாடிப் படிக்கட்டு. ஓனர் துணி காயப்போட அந்தப் படியில்தான் ஏறுவார், மூட்டுவலி என்று நடுப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். அந்த வாரமெல்லாம் மாடியில் அவர் தனியாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், வயசாகிவிட்டது, ஸ்லோகம் சொல்கிறார் என்று ஹமீதா அக்கா சொன்னது.

கார்த்திகை கடைசி நாள் வந்தது. திங்கட்கிழமை, எனக்கு வேதியியல் அரையாண்டுப் பரீட்சை. அம்மா லீவு போட்டிருந்தது, மறுநாள் விடிந்தால் கோலம், அதற்குப் புள்ளிக் கணக்குப் பார்க்க வேண்டுமாம். எங்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரே போன். கம்பெனி வாசலிலேயே அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் எப்போதும் என் பையில்தான் இருக்கும், அன்றைக்கும் இருந்தது. கிளம்பும்போது அம்மா காலண்டரைக் காட்டியது. "இன்னைக்கு ஒரு தாள்தாண்டி கார்த்திகை" என்றது. பரீட்சையில் சமன்பாடுகளை எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. முப்பத்திரண்டு வருஷம் மைக் பிடித்த ஒரு ஆளை, அவர் குரலை வைத்தே, பதினோரு மாதம் ஏமாற்றி, பன்னிரண்டாவது மாதத்தைப் பிடுங்கிவிட்டேனே! இதை யாரிடமாவது சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். உங்களிடம் தொடங்கியதும் அப்படித்தான்.

ஒன்றேகாலுக்குத் தெருவில் நுழைந்தேன். எங்கள் சமையல் மேடைச் சுவருக்கு வெளியே ஒரு புது வீடு நின்றது. பூச்சு இன்னும் ஈரம், தாழ்ப்பாள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. யார் வீட்டுப் பாலோ, நம் பக்கம் வழிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் கதவைத் திறந்து ஒரு அம்மா வெளியே வந்தது. மஞ்சள் புடவை, கையில் டம்ளர். "வாம்மா, இன்னைக்குத்தான் குடிவந்தோம். கார்த்திகையோட கடைசி முகூர்த்தமாமே. பால் எடுத்துக்கோ."

உள்ளே எங்கள் ஆணியில் ஒரு முருகன் படம் தொங்கியது.

"ஆணியோட குடுக்கிறேன்னு ஓனர் சொன்னாரு, நல்ல மனுஷன்" என்றது அந்த அம்மா. "இந்தக் கோலப்பொடி உங்களுதா? மூலையில கெடந்துச்சு."

ஹமீதா அக்கா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னடி, அங்க போகாம இங்க வந்து நிக்கிறே?" என்றது.

"எங்க?"

"நீதானே சொன்னே. காலையில ஸ்கூலுக்குப் போனவ கால் மணி நேரத்துல திரும்பி வந்து, கதவு பக்கத்துல நின்னு சொன்னியே. 'அம்மா, நான்தாம்மா, என் சொந்தக் குரல்தான், மகன் வந்துட்டாம்மா, டெம்போ முனையில நிக்குது, நீ ஏறிக்கோ, பரீட்சை முடிச்சு நேரா அங்க வந்துடறேன்'னு. உங்கம்மாகூட, 'எங்கடி?'ன்னு கேட்டுச்சே. 'டிரைவருக்குத் தெரியும்மா'ன்னே."

நான் சிரித்தேன். "நல்லா நடிக்கிறீங்கக்கா. குக்கர் விசிலுக்குப் பழி வாங்குறீங்களா? எங்கம்மாவை உள்ளதானே ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"என் வீட்ல ஒளியறதுக்கு எடம் எங்கடி இருக்கு?"

"அக்கா, நீங்க என்னைக் கண்ணால பார்த்தீங்களா?"

"கதவைத் திறந்து யாருடி பார்ப்பா? குரல்தான் கேட்டுச்சே."

"எங்கம்மா என்னா சொல்லுச்சு?"

"எல்லாரும் சொல்றதுதான். 'சரி'ன்னுச்சு."

"டெம்போ எங்க போச்சு?"

ஹமீதா அக்கா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டது. "அதெல்லாம் யாருடி கேக்கறா?" என்றது.

என் பையில் போன் இருந்தது. அதிலிருந்து யாருக்கு அடிப்பது?

அப்போது மூன்று விசில் கேட்டது. ஹமீதா அக்கா எழுந்து அடுப்பை அணைக்க உள்ளே ஓடியது. ஓடி, நின்று, திரும்பி என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. விசில் மேலேயிருந்து வந்திருந்தது.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓனர் ஈரத்துண்டைப் பிழிந்து உதறி விரித்துக்கொண்டிருந்தார். கீழே பார்த்தார். நான் நின்று பேசிய எட்டுக் கதவும் மூடியிருந்தது. விக்கல் மாதிரி இரண்டு தடவை இழுத்து, நடுவில் கீச்சென்று ஏறி, கடைசியில் பன்றி உறுமலில் முடிகிற ஒரு சிரிப்பு அவர் வாயிலிருந்து வந்தது.

என் சிரிப்பை நான் வெளியே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.